கோணக்கரட்டுத் திட்டத்தைப் புதுப்பித்த கதை

கோணக்கரட்டுக்காரர்களுக்கு மூளை குறைவு என்று சுற்றுவட்டாரத்தில் பேசிக்கொள்வது சுத்தப் பொய். மூளை எங்களுக்கு நிறையவே உண்டு. தேய்ந்துபோகாமல் பத்திரமாக வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். எங்களிலேயே அதிகம் பத்திரப்படுத்தியவர் வெள்ளியங்கிரி. வாங்கிய பேனாவின் மூடியைத் தொலைக்காத ஒரே ஆள் என்பதால் நீர்வடிப்பகுதிக் குழுவுக்கு அவரைச் செயலாளராக்கினோம்.

கரட்டுக் குன்றில் பெய்கிற மழை எந்த ஓடையில் இறங்கி எந்தக் குட்டையில் சேரவேண்டும் என்று அந்தக் குழு எப்போதோ ஒரு திட்டம் எழுதி, வரைபடமும் போட்டு வைத்திருந்தது. பின்னால் வந்த ஒரு பெருமழை அதைப் படித்துப் பார்க்காமலே பெய்துவிட்டது. கருப்பராயன் கோயிலுக்குக் கிழக்கே ஓடிய ஓடை மேற்கே மாறிக்கொண்டது. கரட்டு உச்சியில் நின்ற புளியமரம் சாய்ந்தது. குட்டைக் கரை உடைந்தது. அந்தக் கரைக்கு நேர் கீழேதான் வெள்ளியங்கிரி கடலை விதைத்திருந்த காடு. இன்னொரு மழை அப்படி வந்தால் காடு போய்விடும், அவருக்குச் சோறு போடுவது அது ஒன்றுதான்.

டவுனிலிருந்து பொறியாளர் அம்மா வந்து பொறுமையாக விளக்கினார்.

"திட்டத்தைப் புதுப்பிச்சுக் குடுங்க, அப்பத்தான் உடைஞ்ச கரைக்குப் பணம் வரும். நான் வந்து பார்க்கறப்ப படமும் நிலமும் ஒண்ணுபோல இருக்கோணும். செலவு ஒதுக்கின தொகைக்கு மேல போகக் கூடாதுங்க."

அவர் போனதும் குழு கூடியது. நிலத்தை அளந்து படம் வரைகிறவரை விசாரித்ததில், ஒதுக்கிய தொகை அவருடைய பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்குமே பத்தாது என்று தெரிந்தது. எல்லோரும் வாடிப்போய் உட்கார்ந்திருந்தபோது வெள்ளியங்கிரிக்கு யோசனை பிறந்தது.

"படத்த மாத்தறதுக்குத்தானுங்க காசு வேணும்? நிலத்த மாத்தறதுக்கு நம்மகிட்டயே மம்பட்டி இருக்குதே."

தலைவர் சென்னியப்பன் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இப்படி ஒரு ஆளை நாங்கள் இவ்வளவு நாளாகச் சும்மா வைத்திருந்தோமே என்று எல்லோருக்கும் வருத்தமாக இருந்தது.

ஓடையை நகர்த்துவதா, கோயிலை நகர்த்துவதா என்று வாக்குவாதம் வந்தது. கோயில் சின்னது, சீக்கிரம் முடியும் என்றார் சென்னியப்பன். சாமியை நகர்த்தினால் கிடா வெட்ட வேண்டும், ஓடை கிடா கேட்காது என்று வெள்ளியங்கிரி கணக்குச் சொன்னார். ஊரே இறங்கி வெட்டி, ஓடையைப் பழைய இடத்தில் கொண்டுபோய் விட்டது.

உச்சிக்குப் புளியமரம் வேண்டுமே. ஊரிலேயே உயரமான ராக்கியண்ணன் மரமாகப் போய் நிற்க ஒப்புக்கொண்டார், ஆனால் கூலி கேட்டார்.

"மரம் எங்காச்சும் கூலி வாங்குமாண்ணா?" என்றார் வெள்ளியங்கிரி.

"வாங்காதுதான். மரத்துக்குப் பசிக்கவும் பசிக்காதல்ல?"

நியாயமாகப் பட்டது. நிற்கும் செலவு என்று எழுதிக்கொண்டு, நடுவில் உட்காரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்கள்.

படத்தில் குட்டைக் கரை முழுசாக இருந்தது. ஆகவே அதையும் கட்டவேண்டியதாயிற்று. வீட்டுக்கு ஒருவர் வந்து மண் சுமந்தோம். கரை முன்னைக்கு இப்போது பலமாகவே நின்றது. முதல் மழையில் குட்டை தளும்பியது, காட்டில் ஒரு சொட்டு இறங்கவில்லை, கடலையும் காய் பிடித்தது. வெள்ளியங்கிரிக்குத்தான் நிம்மதி இல்லை. கரைக்குப் பணம் வராமல் காட்டை எப்படிக் காப்பாற்றுவது என்று உருகிக்கொண்டிருந்தார்.

பொறியாளர் அம்மா வந்து படத்தை விரித்துச் சுற்றிப் பார்த்தார். உச்சியைப் பார்த்தபோது மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கரைமேல் நடந்துவிட்டு, அருமையான வேலை என்று பாராட்டினார்.

"அப்ப கரைக்குப் பணமுங்க?" என்றார் வெள்ளியங்கிரி.

"கரை நல்லாத்தானே நிக்குது? உடைஞ்ச கரைக்குத்தாங்க பணம்."

அவருடைய ஜீப் திரும்புவதற்குள் குழு கூடிவிட்டது. யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. அவசரப்பட்டுக் கட்டிவிட்டது நம்முடைய தப்புதான் என்று சென்னியப்பன் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார். உடைக்க என்ன செலவாகும் என்று பார்த்ததில் ஒன்றுமே ஆகவில்லை. மொத்தத் திட்டத்திலும் மலிவான வேலை அதுதான் என்று குழு திருப்திப்பட்டது. செயலாளர் என்ற மரியாதைக்கு முதல் வெட்டை வெள்ளியங்கிரிக்கே விட்டுக்கொடுத்தார்கள். அவர் ஒரு வெட்டுத்தான் வெட்டினார், மீதியைக் குட்டையே பார்த்துக்கொண்டது.

அவர் மனைவி பொன்னாத்தா ஓடி வந்தபோது காடு இருந்த இடத்தில் செம்மண் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். வெள்ளியங்கிரிக்கும் அழுகை வந்தது. ஆனால் பொறுப்பில் இருக்கிறவர் அழலாமா?

"அழுவாத அம்மணி. பணம் வந்ததும் மொத வேலையாக் கரையக் கட்டிருவோம். அப்பறம் நம்ம காட்டுக்கு ஒரு ஆபத்தும் வராது."

"காடே போயிருச்சேங்க."

அவர் வரைபடத்தை விரித்து, கரைக்குக் கீழே பச்சையாகத் தீட்டியிருந்த கட்டத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

பொன்னாத்தாவும் எங்கள் ஊர்க்காரிதான். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். நாளைக்கே ஆள் விட்டுக் கடலை பிடுங்கிவிடலாமா, இல்லை இன்னும் ஒரு வாரம் முற்றட்டுமா என்று கேட்டாள்.