ஒருநாளும் ஒழுகாத வால்வு

சிங்கப்பூரில், தோ பாயோவின் எட்டாம் மாடி வீடு ஒன்றில், ஒரு காலத்தில் ஓர் அண்டா இருந்தது. பிரியாணிக்கென்றே பிறந்த அண்டா. வீட்டுக்காரர் குணாளனுக்கு ஐம்பது வயதில் வீட்டிலேயே பீர் காய்ச்சும் ஆசை வந்து தொலைத்தது. கொதிக்கிற பார்லித் தண்ணீரை அண்டாவோடு தூக்கிச் சாய்க்க இடுப்பு இடம் கொடுக்குமா? அடியோரத்தில் துளை போட்டுவிட்டார்.

துளை விழுந்த அண்டாவில் பிரியாணி ஏது? இனி பீர்தான் கதி. துளைக்கு ஒரு நல்ல வால்வு அமைய வேண்டுமே என்று அண்டாவுக்குக் கல்யாண வயதுப் பெண்ணின் கவலை.

குணாளன் அண்டாவையும் தூக்கிக்கொண்டு ஹார்ட்வேர் கடைக்குப் போனார். மாப்பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். பித்தளைக் குழாய் தன் பரம்பரையைப் பேசி முடிக்கவே இல்லை. பிளாஸ்டிக் குழாய், "சூடு பட்டா கொஞ்சம் வளைஞ்சிடுவேன், மத்தபடி கெட்ட பழக்கம் ஒண்ணும் கிடையாது" என்றது. மூன்று துண்டுகளை நான்கு போல்ட்டால் முறுக்கி வைத்த ஒரு வால்வும் வந்தது. "ஐயே, ஒட்டுப் போட்ட உடம்பு!" என்று அண்டா முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கடைசியாக வந்தது பளபளா வால்வு. முழு எவர்சில்வர், ஒரே வார்ப்பு, எங்கேயும் மூட்டு தெரியாது. "நான் ஒழுக மாட்டேன். என்னை யாரும் துண்டு துண்டாகப் பிரிக்கவும் முடியாது" என்றது கம்பீரமாக. அண்டா சொக்கிப்போனது. குணாளனும்தான்.

முதல் பீர் அமிர்தம். இரண்டாவது லேசாகப் புளித்தது. மூன்றாவதைக் குடித்த மைத்துனர் முகம் போன போக்கைப் பார்த்து, குணாளனின் மனைவி தவமணி இடுப்பில் கை வைத்தாள்.

"இதுல ஊறுகாய் போடலாம். இன்னொரு தடவ புளிச்சிச்சு, இந்த அண்டாவத் தூக்கிக் கராங்குனிக்காரர்கிட்ட போட்டுடுவேன், சொல்லிட்டேன்!"

கராங்குனிக்காரர் என்றால் பழைய சாமான் வாங்குகிறவர். பாம் பாம் என்று ஹார்ன் அடித்துக்கொண்டு மாடி மாடியாக வருவார். அந்த ஹார்னைக் கேட்டாலே அண்டா மூடியை இழுத்து மூடிக்கொள்ளும்.

அன்றே சமையலறையில் பஞ்சாயத்து கூடியது. ஈஸ்ட் பார்லியைக் கைகாட்டியது. பார்லி வெயிலைத் திட்டியது. வெயில் பஞ்சாயத்துக்கே வரவில்லை.

"ஏன் ஆளாளுக்கு அடிச்சுக்கிறீங்க?" என்றது ரப்பர் குழாய். அது வால்வின் வாயிலேயே மாட்டிக் கிடக்கிற பிறவி. "வாடை இவருகிட்டேர்ந்துதான் வருது."

வால்வு கொதித்தது. "என்மேலயா பழி? இன்னிக்கு வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகியிருக்கேனா?"

"வாய மூடு!" என்று அண்டா ரப்பர் குழாயின் மேல் பாய்ந்தது. "எங்க வீட்டு மனுஷரைப் பத்திப் பேச உனக்கு என்ன யோக்கியதை?"

பேசிவிட்டதே தவிர, அண்டாவுக்குத் தெரியாதா? ஒட்டி உறவாடுகிறது, அதற்குத் தெரியாமலா? வால்வுக்குள்ளே ஓர் உருண்டை. அது திரும்பினால் வழி திறக்கும். உருண்டைக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு சந்து. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பார்லிச் சாறு அந்தச் சந்தில் தங்கிவிடும். உடம்பைப் பிரித்தால்தானே கழுவ? வாடை முதலில் வந்தது அண்டாவுக்குத்தான். மானம் போகுமே என்று விழுங்கிக்கொண்டது.

அண்டாவுக்கும் வால்வுக்கும் நடுவில், ஒழுகாமல் அடைத்தபடி நசுங்கிக் கிடந்த வாஷர் வளையம் மெதுவாகச் சொன்னது. "அக்கா, நான் கொஞ்சம் நகர்ந்துக்கிறேன். நீங்க ஒழுகிடுங்க. அப்பவாச்சும் இவரைக் கழற்றிப் பார்ப்பாங்க."

"ஒழுகுறதா? நானா? எங்க வம்சத்துல எவளாச்சும் ஒழுகியிருக்காளாடி?"

அந்த நேரம் பார்த்துக் கீழே எங்கோ பாம் பாம் என்றது ஹார்ன்.

"நகரு," என்றது அண்டா.

அடுத்த முறை குணாளன் தண்ணீர் ஊற்றியதுதான் தாமதம், தவமணி அப்போதுதான் துடைத்த தரையில் ஆறு ஓடியது. அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஆன்டியே எட்டிப் பார்த்தார். அண்டாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. இத்தனை பேர் முன்னால் இப்படியொரு அவமானம்! ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒழுகியது.

குணாளன் ஸ்பேனரால் வால்வை அண்டாவிலிருந்து கழற்றினார். உள்ளே, இறைச்சி கோத்துச் சுடுகிற சாத்தே குச்சி ஒன்றை விட்டுக் குடைந்தார். பழுப்பாக, கொழகொழவென்று ஏதோ வந்தது. மூன்று தடவை காய்ச்சியதன் மிச்சமும் அங்கேதான் குடியிருந்தது.

"அட கடவுளே, இதையா குடிச்சோம்?" என்றாள் தவமணி.

கடையில் வேண்டாமென்று விட்டுவந்த, ஒட்டுப் போட்ட மூன்று துண்டு மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தது. வந்ததும் வராததுமாக அண்டாவிடம் சொன்னது: "ஒவ்வொரு தடவையும் என்னைத் துண்டு துண்டா கழற்றித் தேய்ப்பாங்க. பார்க்கச் சகிக்காது. மன்னிச்சுக்கணும்."

"அப்படியே செய்யட்டும் சாமி," என்றது அண்டா. சொல்லும்போது அதற்கு அழுகையே வந்துவிட்டது.

புது பீர் தயாரான அன்று தவமணி ஒரு வாய் குடித்தாள். கிளாஸைக் கீழே வைத்தாள். சரியாக அந்த நேரத்தில் நடைபாதையில் ஹார்ன் கேட்டது. "அங்கிள், நில்லுங்க!" என்று கூவினாள். அண்டா கண்ணை இறுக்க மூடிக்கொண்டது.

தவமணி அண்டாவைத் தாண்டிப் போனாள். அலமாரியடியில் கிடந்த பளபளா வால்வை எடுத்துக் கராங்குனிக்காரரிடம் நீட்டினாள். திரும்பி வந்து, கிளாஸை மறுபடி நிரப்பிக்கொண்டாள்.

மூட்டைக்குள் விழுந்த வால்வு, பக்கத்திலிருந்த நசுங்கிய கெட்டிலிடம் சொல்லிக்கொண்டு வந்தது. "என்மேல ஒரு குறை சொல்ல முடியாது, தெரியுமா? நான் ஒருநாளும் ஒழுகினதில்ல!"

கெட்டில் மூக்கைப் பொத்திக்கொண்டது. "ரொம்பச் சந்தோஷம் ஐயா. கொஞ்சம் தள்ளி உட்காருங்க."