அருள்நேசனைப் பார்க்க வந்தவள்

விடை சொல்லும் எண்ணம் உள்ளவர்கள் மட்டும் இதைக் கேளுங்கள். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு நான் கதை சொல்வதில்லை.

கனடாவில் ஒரு பெருநகரத்தின் ஓரத்தில் ஒரு தடுப்பு முகாம் இருந்தது. விசா இல்லாமல் வந்து அகதி விண்ணப்பம் செய்தவர்களில் சிலரை, வழக்கு முடியும் வரை அங்கேதான் வைத்திருப்பார்கள். பிணைப் பணம் கட்ட ஆள் இருந்தால் வீட்டில் இருந்துகொண்டே வழக்கைப் பார்க்கலாம். அந்தப் பணத்துக்கு வழியில்லாதவர்களுக்காக ஊர்ச்சனம் சேர்ந்து ஒரு பிணைநிதி வைத்திருந்தது. ஒருவருடைய வழக்கு முடிந்து பணம் திரும்பி வந்தால்தான் அடுத்தவரை எடுக்கலாம். அதிக காலம் உள்ளே இருப்பவருக்கே முதல் இடம். எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம் என்று விசாரிக்கக் கூடாது. நம்மவர்களுக்கு இதைவிடக் கடினமான விதி வேறில்லை.

உள்ளே இருந்தவர்களில் வயதிலும் இருந்த காலத்திலும் மூத்தவன் அருள்நேசன். மன்னார்க் கடலில் தொழில் செய்தவன், குடும்பம் என்று சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. அவனோடு ஒரே அறையில் இருந்தவன் குகதாசன். குகதாசனின் மனைவி பாமினியும் சின்ன மகள் அபிஷாவும் முன்னரே வந்து, ஏற்றுக்கொள்ளப்பட்டு, அதே நகரத்தில் ஒரு நிலவறை வீட்டில் இருந்தார்கள். கந்தோர்களை, அதாவது அலுவலகங்களை, துப்புரவாக்கும் வேலை பாமினிக்கு. ஞாயிறு மட்டும் ஓய்வு. அந்த ஓய்வில்தான் பஸ் ஏறி வந்து கணவனைப் பார்ப்பாள். ஞாயிறு காலையில் குகதாசன் முகச்சவரம் செய்யும்போது அருள்நேசனும் செய்துகொள்வான். தன்னை ஒருவரும் கூப்பிடப் போவதில்லை என்று அவனுக்குத் தெரியும்.

ஒருநாள் நிதிக்குப் பணம் திரும்பியது. அருள்நேசனுக்குரிய இடம் அது. அவன் வேண்டாம் என்றான்.

"குகன் போகட்டும். அவனுக்குப் பிள்ளை இருக்கு. எனக்கு வெளியில ஆர் இருக்கினம்?"

நிதிக்காரர்கள் தயங்கித் தயங்கிச் சம்மதித்தார்கள். புறப்படும்போது குகதாசன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணை, ஒவ்வொரு ஞாயிறும் நான் வந்து உங்களைப் பாப்பன்."

உள்ளே இருந்தவன் மட்டுமே விடக்கூடிய பிழை அது. பார்க்க வருகிறவர்கள் வாசலில் அடையாள அட்டை காட்ட வேண்டும். குகதாசனின் பத்திரங்கள் எல்லாம் அதிகாரிகளிடம் இருந்தன. அந்த வாசலால் அவன் ஒருநாளும் விருந்தாளியாக வந்ததில்லை, அதனால் தெரியவில்லை. முதல் ஞாயிறே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னான். "நீராவது போயிட்டு வாரும். நான் குடுத்த வாக்கு."

அடுத்த ஞாயிறு பாமினி போனாள். கண்ணாடிக்கு இருபுறமும் இருந்து டெலிபோனில் கதைத்தார்கள். உங்களுக்கு எப்போது லீவு என்று அருள்நேசன் சும்மா கேட்டான். ஞாயிறு மட்டும்தான் என்று அவளும் சும்மா சொன்னாள்.

அதற்கடுத்த ஞாயிறு காவலாளி போய்க் கூப்பிட்டபோது, யாரையும் பார்க்கப் போவதில்லை என்று அருள்நேசன் சொல்லிவிட்டான். உள்ளே இருப்பவனுக்கு உள்ள ஒரே உரிமை அது. பாமினி திரும்பி வந்தாள்.

"அவரே வேண்டாமெண்டிட்டார். இனி விடும்," என்றான் குகதாசன். "பிள்ளையும் ஏங்குது. முந்தி அப்பா இல்லை, இப்ப அம்மா இல்லை."

பாமினி விடவில்லை. அடுத்த ஞாயிறும் போனாள். அவன் வரவில்லை. பார்வை நேரம் முடியும் வரை கூடத்துக் கதிரையில் தனியே இருந்துவிட்டு வந்தாள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே.

இப்போது சொல்லுங்கள். கொடுத்த வாக்கை மனைவி மூலம் காப்பாற்றப் பார்த்த குகதாசனா, அந்தக் குடும்பத்தின் ஞாயிறு கெடக் கூடாது என்று கதவைச் சாத்திய அருள்நேசனா, பார்க்க மாட்டான் என்று தெரிந்தும் போய்க் காத்திருந்த பாமினியா? இதில் யார் செய்தது சரி?

என் விடை இது. குகதாசனின் அன்பில் குறையில்லை, ஆனால் அவன் தூக்கிக் கொடுத்தது மனைவியின் ஓய்வு நாளை. அருள்நேசன் தன் இடத்தைக் கொடுத்தது பெரிய காரியம். அதற்குப் பிறகு மற்றவர்களுக்கு எது நல்லது என்று அவர்களைக் கேளாமலே முடிவெடுத்தது பெருமையில் பாதி, வீம்பில் பாதி. பாமினி கொடுத்தது தன்னுடையதை. அவள் வந்து கூடத்தில் இருந்தால், ஒவ்வொரு ஞாயிறும் ஒரு காவலாளி அந்த அறைவரை நடந்துபோய், உன்னைப் பார்க்க ஆள் வந்திருக்கிறது என்று சொல்லியே ஆக வேண்டும். அதற்காகத்தான் அவள் போனாள். ஆகவே பாமினி செய்ததே சரி. அந்த நாளில் பிள்ளைக்கும் பங்கு உண்டே என்று நீங்கள் மடக்கினால், ஒப்புக்கொள்கிறேன். பாமினிக்கும் அது உறைத்தது. மறுகிழமை ஞாயிறு அபிஷாவையும் கூட்டிப் போனாள். காவலாளி இரண்டு பெயர் சொன்னான். அருள்நேசன் எழுந்து கண்ணாடிக்கு வந்தான். பிள்ளை டெலிபோனை எடுத்து, "நான் உங்களை என்னெண்டு கூப்பிடுறது?" என்று கேட்டாள். அவன் பாமினியைப் பார்த்தான்.

"பெரியப்பா எண்டு கூப்பிடு," என்றான்.