சலவைக்குப் போன பத்திரிகை

முன்பொரு முறை ஒரு கைக்குட்டை, உடம்பு முழுக்க ஒரு கல்யாணத்தைச் சுமந்துகொண்டு பிறந்தது. நல்ல பருத்தித் துணி. நடுவில் மணமகள் மீனலோசனி, பக்கத்தில் மாப்பிள்ளை, கீழே முகூர்த்த நேரம், மண்டபம், உற்றார் உறவினர் என்று ஒரு குடும்பமே அதன் மேல் குடியிருந்தது.

அட்டை வேண்டாம், துணியில் அச்சடிக்கலாம் என்றது மீனலோசனிதான். அவள் வீட்டுப் பரணில் ஊரார் கல்யாணப் பத்திரிகைகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு பிள்ளையார். குப்பையில் போட்டால் பாவம், பழைய பேப்பர் கடையில் போட்டால் அதைவிடப் பாவம் என்று அவள் அம்மா பேச்சித்தாய் எல்லாவற்றையும் மேலே ஏற்றிவிடுவாள். பரண் பலகை வளைந்துபோய், அதன் அடியில் நிற்கவே ஆட்கள் யோசித்தார்கள்.

"நம்ம பத்திரிகையும் நாளைக்கு யார் வீட்டுப் பரண்லயோ போய் உட்காரணுமாம்மா? துணின்னா ஒரு தடவை சுடுதண்ணியில துவைச்சா எழுத்து போயிரும். அப்புறம் முகம் துடைச்சுக்கலாம்" என்றாள் மகள்.

கைக்குட்டைக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆனால் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவும்போது அவள் இன்னொன்றும் சொன்னாள்.

"இது சங்கிலிச்சாமி மாமாவுக்கு. அவர் வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாத்தான் மணையில உட்காருவேன். இல்லைன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்."

அந்தக் குடும்பத்தில் அதுதான் வழக்கம். தாய்மாமன் கைபிடித்து அழைத்துப் போகாமல் பெண் மணையேறியதில்லை. ஒரு கல்யாணத்தின் பாரம் முழுக்கத் தன் தலையில் விழுந்துவிட்டதே என்று கைக்குட்டை பயந்தது.

பயந்தது வீண்போகவில்லை. பேச்சித்தாய் தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்து நீட்டியதும், அண்ணன் சங்கிலிச்சாமி துணியை விரித்துப் பார்த்தார். முகம் கறுத்தது.

"ஏ பேச்சி, தாய்மாமனுக்கு மூக்கு துடைக்கிற துணியிலயா பத்திரிகை வைக்கிறே?"

"குப்பை சேரக் கூடாதுன்னு பிள்ளை ஆசைப்பட்டா அண்ணே."

"அப்ப நான் குப்பையா?"

சங்கிலிச்சாமி சத்தியமே செய்துவிட்டார். "அன்னைக்கு நான் வாசப்படி தாண்டுனா என் பேரை மாத்திக்கோ. மறுபடி அழைக்கிறேன்னு யாரும் வரக் கூடாது, போனும் போடக் கூடாது!"

தங்கை அழுதுகொண்டே போனாள். கைக்குட்டை சோபாவின் மூலையில் கசங்கிக் கிடந்தது.

எதிரே கண்ணாடி அலமாரிக்குள் சிவப்பு வெல்வெட் பெட்டி ஒன்று சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அது சங்கிலிச்சாமி மகனின் கல்யாணப் பத்திரிகை. திறந்தால் நாதஸ்வரம் வாசிக்கும். பேட்டரி தீர்ந்துபோனதில் இப்போது இருமல் மட்டும்தான் வரும்.

"நீயெல்லாம் ஒரு பத்திரிகையா?" என்றது பெட்டி. "என் எடையென்ன, உன் எடையென்ன? என்னை யாராலும் தூக்கிப் போட முடியாது தெரியுமா? வருக, வருக!"

"யாரை வரச் சொல்றீங்க?"

"கல்யாணத்துக்கு வருக!"

"அந்தக் கல்யாணம் முடிஞ்சு, பிறந்த பிள்ளை பள்ளிக்கூடமே போகுதாமே."

"அதனாலென்ன? நான் அழைப்பதை நிறுத்த முடியாது. வருக, வருக!" என்றது பெட்டி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எப்படி நிறுத்துவதென்று உனக்காவது தெரியுமா?" என்றும் கேட்டது. கைக்குட்டைக்கு அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அப்போது சங்கிலிச்சாமியின் மனைவி மாரீஸ்வரி வந்தாள். கைக்குட்டையை எடுத்து மேலிருந்து கீழ்வரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். இன்னொரு தடவையும் படித்தாள். பிறகு நேரே கொண்டுபோய் வாஷிங் மெஷினுக்குள் போட்டாள்.

"அண்ணாச்சி, அண்ணாச்சி!" என்று கைக்குட்டை அலறியது. "என் மேல ஒரு கல்யாணம் இருக்கு!"

"இங்கே வர்ற எல்லாரும் இப்படித்தான் ஏதாவது சொல்றாங்க" என்றது மெஷின். "நேத்து வந்த பனியன், தன் மேல இருக்கிற சாம்பார் குடும்பச் சொத்துன்னு சொல்லுச்சு. என் வேலை துவைக்கிறது, படிக்கிறது இல்லை."

சுடுதண்ணீர் பாய்ந்தது. முதலில் மண்டபம் கரைந்தது. பின்னாலேயே முகூர்த்த நேரம் போனது. தேதி கொஞ்ச நேரம் நூலைப் பிடித்துத் தொங்கிப் பார்த்துவிட்டு, "மன்னிச்சிரு" என்று போய்விட்டது. கொடியில் காயும்போது கைக்குட்டை வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு பெண்ணின் கல்யாணத்தைத் தொலைத்துவிட்டோமே என்று அதற்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

மறுநாள் காலையில் சங்கிலிச்சாமி காலண்டர் முன்னால் போய் நின்றார்.

"ஏ மாரி, எந்தத் தேதிக்கு நான் போகக் கூடாது?"

"எனக்கென்ன தெரியும்? பத்திரிகையைப் பாருங்க."

பார்த்தார். அடி வயிற்றிலிருந்து கத்தினார். "துவைச்சுட்டியா? இப்ப நான் எப்படிப் போகாம இருக்கிறது?"

நியாயமான கேள்விதான். துவைத்துத் தொலைத்த மற்ற உறவுக்காரர்கள் போன் போட்டுத் தேதியைக் கேட்டுக்கொண்டார்கள். இவர் கேட்டால், அண்ணன் வரப்போகிறான் என்று தங்கை நினைத்துவிடுவாளே! ஆகவே காலண்டரில் முகூர்த்த நாள் எதுவோ அதிலெல்லாம் போகாமல் இருந்துவிடுவது என்று முடிவு செய்தார். அது வைகாசி மாதம். முகூர்த்தத்துக்குப் பஞ்சமில்லை.

ஒவ்வொரு முகூர்த்த நாளிலும் விடியுமுன் குளித்தார். பட்டுக்கரை வேட்டி கட்டினார். போகாமல் இருப்பதற்கு எதற்குப் பட்டுக்கரை என்று மாரீஸ்வரி கேட்டதற்கு, "கைலியோட உட்கார்ந்திருந்தா போக வழியில்லாதவன்னு நினைப்பாங்க. போக முடிஞ்சும் போகலைன்னு தெரிய வேண்டாமா?" என்றார். வாசலைப் பார்த்து நாற்காலி போட்டு, விறைப்பாக உட்கார்ந்து, முகூர்த்த நேரம் முடியும்வரை போகாமல் இருந்தார்.

போகாமல் இருப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. சமாதானம் பேச யாராவது வந்தால் ஒரு தெம்பாவது இருக்கும். ஒரு ஈ, காக்கை கூட வரவில்லை. கோபித்துக்கொள்ளும் மனிதனுக்கு இதைவிடக் கொடுமை உண்டா?

ஒரு முகூர்த்த நாள் காலை, சங்கிலிச்சாமி எழுந்தே விட்டார். "என்னால முடியலை. போய் நேராவே கேட்டுட்டு வந்திர்றேன். என்னைக்கு வரக் கூடாதுன்னு தெரிஞ்சாத்தானே வராம இருக்க முடியும்?"

"அதுவும் சரிதான்" என்றாள் மாரீஸ்வரி. உள்ளேயிருந்து வந்தபோது அவளும் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தாள். "நானும் கேட்க வர்றேன். அவங்க மண்டபத்துல இருக்காங்களாம்."

"மண்டபத்துல என்ன வேலை?"

"இடம் பாக்கப் போயிருப்பாங்க."

சாட்சிக்கு என்று கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வைக்கும்போது மாரீஸ்வரி தனக்குள் சிரித்ததைக் கைக்குட்டை பார்த்துவிட்டது. தேதியை மனசில் வாங்கிக்கொண்டு, வேண்டுமென்றேதான் துவைத்திருக்கிறாள்! அதற்கு அப்போதுதான் உயிர் வந்தது.

மண்டபத்து வாசலில் வாழை மரம் கட்டியிருந்தது. யாரோ பன்னீர் தெளித்தார்கள், யாரோ சந்தனம் நீட்டினார்கள், உள்ளே மேளம் பிளந்து கட்டியது. சங்கிலிச்சாமி கோபத்தில் எதையும் கவனிக்கவில்லை. சந்தனத்தைத் தொட்டுப் பூசிக்கொண்டே விறுவிறுவென்று நடந்தார்.

மணமகள் அறை வாசலில் மீனலோசனி மாலையோடு அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். பெண்ணை அழைத்து வரச் சொல்லி ஐயர் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டுபோயிருந்தார். பக்கத்தில் பேச்சித்தாய் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

சங்கிலிச்சாமி நேரே போய்க் கைக்குட்டையை உதறிக் காட்டினார். "இதுல ஒரு எழுத்து இல்லை. நான் என்னைக்கு வரக் கூடாது? அதைச் சொல்லு முதல்ல!"

மீனலோசனி அவரை மேலும் கீழும் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"இன்னைக்குத்தான் மாமா வரக் கூடாது."

சங்கிலிச்சாமி அப்போதுதான் சுற்றிப் பார்த்தார். மேளம் கேட்டது. மாலை தெரிந்தது. தங்கை முகம் தெரிந்தது.

"அப்ப நான் வந்துட்டேனா?"

"வந்துட்டீங்க மாமா."

அவர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். வெறுந்துணிக்குள் அந்தப் பெரிய மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். கைக்குட்டை தன்னால் முடிந்த மட்டும் அதை வெளியே தெரியாமல் மறைத்தது.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊரே பார்க்க, மருமகளிடம் கையை நீட்டினார்.

"சரி, வா போகலாம். நான் வந்தேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிராதே."