முன்பழக்கச் சான்று

“புதுசா இருக்கிறது தப்பில்லைம்மா. ஆனா இதுக்கு முன்னாடி மூணு வருஷம் வேற எங்கேயாவது இருந்திருக்கணும்.”

வெண்குன்றத்துக் கோட்டை வாசலைக் கடந்து போன தத்தனின் காதில் இது விழுந்தது. மன்னர் கேட்கும்போது யோசனை சொல்வது அவையில் அவன் வேலை. மன்னர் அதிகம் கேட்பதில்லை. ஆகவே நின்று கேட்க அவனுக்கு நேரம் இருந்தது.

குரல் வாசலுக்கு வெளியே இருந்த புதுப்பொருள் ஊக்க மண்டபத்திலிருந்து வந்தது. யார் எதைப் புதிதாகச் செய்தாலும் அது கோட்டைக்குள் கூடும் சந்தைக்குப் போய்ச் சேர உதவ வேண்டும் என்று, மன்னர் கீர்த்திபாலர் நான்கு ஆண்டுகளுக்கு முன் திறந்த மண்டபம் அது. ஆண்டுதோறும் திறப்பு நாளில் மேளம், மாலை, விருந்து எல்லாம் உண்டு. இதுவரை அங்கிருந்து வெளியே வந்த ஒரே புதுப்பொருள், அதன் பெயர்ப்பலகை.

பேசியவர் மண்டபத் தலைவர் ஆலாலசுந்தரம். எதிரே தச்சு வேலை செய்யும் காத்தாயி. அவள் காலடியில் ஒரு கிணற்று ராட்டினம். அதில் பல்லும் கொக்கியும் வைத்திருந்தாள். இறைக்கும்போது கை நழுவினாலும் கயிறு பின்னால் ஓடாது. குடம் பாதிக் கிணற்றில் அப்படியே நிற்கும்.

“நான் செஞ்சதே போன பங்குனியிலதான், ஐயா. மூணு வருஷம் எங்கே இருந்திருக்கும்?”

“அதைத்தான் நானும் ஒரு வருஷமா கேட்கிறேன்.”

“சந்தையில வித்தாத்தானே நாலு பேரு பழகுவாங்க?”

“நாலு பேர் பழகினாத்தானே சந்தையில விக்கலாம்? இதோ விதி. ‘கோட்டைக்குள் இதுவரை இல்லாத எதுவும், யார் கொண்டுவந்தாலும், மூன்றாண்டு முன்பழக்கச் சான்று இன்றி நுழையலாகாது.’ ஓராண்டுக்குள் சான்று வரலைன்னா, அரண்மனை அடுப்புக்கு விறகு. நாளை மறுநாள் உன் கெடு முடியுது.”

காத்தாயி உள்ளங்கையை விரித்தாள். கயிறு உருவிய தழும்பு குறுக்கே ஓடியது. “கோட்டைக்குள்ள எத்தனை பொம்பளைங்க கையில இது இருக்குன்னு தெரியுமாய்யா?”

“அதுக்குத் தனி விண்ணப்பம்.”

தத்தன் நேரே மன்னரிடம் போய்ச் சொன்னான். மன்னருக்கு முகம் சுண்டிவிட்டது. “என் மண்டபத்தையே கேலி செய்கிறாயா?”

பின்னாலேயே வந்துவிட்ட ஆலாலசுந்தரம் குழைந்தார். “குறை சொல்வது சுலபம், மன்னா. இவர் ஒருநாள் வாசலில் நின்று விதியை நிறைவேற்றிப் பார்க்கட்டுமே.”

“நாளை மறுநாள் நிற்கிறேன்” என்றான் தத்தன்.

“ஒருவருக்கும் விலக்குக் கொடுக்கக்கூடாது. கொடுத்தால் என் அவையில் உனக்கு இடமில்லை” என்றார் மன்னர்.

“கொடுக்காவிட்டால்?”

“கேட்டதைத் தருகிறேன்.”

அந்த நாளுக்காகத்தான் மன்னர் ஒரு மாதமாகத் தோரணம் கட்ட வைத்துக்கொண்டிருந்தார். ஆனாலும் இரண்டையும் அவர் சேர்த்து யோசிக்கவில்லை.

அன்று உச்சி வெயிலில் ஒரு பல்லக்கு கோட்டை வாசலுக்கு வந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்த அரசி, மூன்றாம் மாதம் குழந்தையோடு திரும்பியிருந்தார். பெண்கள் ஆரத்தித் தட்டோடு முன்னால் வந்தார்கள். தத்தன் விதி எழுதிய ஓலையோடு குறுக்கே வந்தான்.

“நிறுத்துங்கள். பல்லக்கில் என்ன?”

“இதென்ன கேள்வி, சாமி? அரசியும் இளவரசரும்” என்றான் பல்லக்குத் தூக்கி.

“அரசி பழையவர். உள்ளே போகலாம்.”

திரை விலகியது. “யார் பழையவர்?” என்றார் அரசி.

தத்தன் அவசரமாகக் கும்பிட்டான். “விதி அப்படிச் சொல்கிறது, தாயே. இளவரசர்தான் புதியவர். கோட்டைக்குள் இதுவரை இல்லாதவர். முன்பழக்கச் சான்று இருக்கிறதா?”

செய்தி உள்ளே போனது. மன்னர் செருப்பைக்கூட மறந்து ஓடி வந்தார். பின்னால் ஆலாலசுந்தரம் மூச்சு வாங்கினார்.

“தத்தா! உனக்கு மூளை கலங்கிவிட்டதா?”

“விலக்குக் கொடுக்கக்கூடாது என்பது தங்கள் கட்டளை, மன்னா.”

“குழந்தை என்ன சரக்கா?” என்றார் ஆலாலசுந்தரம்.

“‘எதுவும்’ என்றல்லவா எழுதியிருக்கிறது? ‘யார் கொண்டுவந்தாலும்’ என்றும் இருக்கிறது. கையெழுத்து உங்களுடையது.”

ஆலாலசுந்தரம் ஓலையைப் பார்த்தார். பழக்க தோஷத்தில் வாய் தானாகத் திறந்தது. “வேண்டுமானால் இளவரசர் பெயரில் ஒரு விண்ணப்பம்…” மன்னர் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கினார்.

“பிறந்தே மூன்று மாதம்தான் ஆகிறது! மூன்று ஆண்டு இவன் வேறெங்கே இருந்திருப்பான்?” என்று மன்னர் கத்தினார்.

“காத்தாயி ஒரு வருடமாக இதைத்தான் கேட்கிறாள், மன்னா.”

முதலில் ஆரத்தித் தட்டு குலுங்கியது. பிறகு பல்லக்குக்குள் சிரிப்பு கேட்டது. எல்லாரும் சிரித்துவிட்ட பிறகு மன்னருக்கும் வேறு வழியில்லை. சிரிக்க ஆரம்பித்தவரால் நிறுத்த முடியவில்லை.

தத்தன் அரசியிடம் திரும்பினான். “தங்கள் தாய்வீட்டில் இளவரசருக்கு யாராவது சான்று கேட்டார்களா, தாயே?”

“கேட்டிருந்தால் நான் அந்த வாசலையே மிதித்திருக்க மாட்டேன். வெயிலில் எவ்வளவு நேரம்? அவன் கேட்பதைக் கொடுத்து அனுப்புங்கள்” என்றார் அரசி.

“கேள்” என்றார் மன்னர்.

“இன்றிலிருந்து புதுப்பொருளுக்கு அரண்மனைதான் தாய்வீடு, மன்னா. முதலில் இங்கே பழகட்டும். தேறினால் சந்தைக்குப் போகட்டும்.”

“ஆகட்டும். எங்கே அந்த ராட்டினம்?”

அது அரண்மனைச் சமையல்காரரின் கக்கத்தில் இருந்தது. கெடு முடிந்ததால் விறகுக்கு எடுத்துப்போக வந்திருந்தார். காத்தாயி அதை விடாமல் பிடித்தபடி அவர் பின்னாலேயே நின்றிருந்தாள்.

வாசல் கிணற்றில் அவளே மாட்டினாள். முதல் குடத்தை ஆலாலசுந்தரம் இறைக்க வேண்டும் என்றார் மன்னர். அவர் கயிற்றை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்து இழுத்தார். குடம் பாதிக் கிணறு வந்தது.

“இப்போ கையை விடுங்கய்யா” என்றாள் காத்தாயி.

ஆலாலசுந்தரம் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையை விட்டார். கொஞ்சம் பொறுத்து மற்றதையும் விட்டார். தண்ணீர்ச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்து கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார்.

“அப்ப எனக்கு விறகு?” என்றார் சமையல்காரர்.

ஆலாலசுந்தரம் தத்தன் கையிலிருந்த ஓலையை வாங்கி அவரிடம் கொடுத்தார்.