துணிக்கொடியில் தேர்தல் முடிவு

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். வருஷமும் ஓட்டுக் கணக்கும் முன்பின்னாகப் போகலாம். எங்கள் கட்டடத்துத் தெய்வநாயகம் அண்ணாச்சி சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன். பிழை இருந்தால் அவரைக் கேளுங்கள்.

அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் கவுண்டி, அதாவது மாவட்டம், மிகப் பெரியது. எங்கள் கட்டடத்தில் மட்டும் பதினாறு பாஷை பேசுகிறார்கள். கீழே துணி துவைக்கும் அறை இருக்கிறது. ஞாயிறு காலை மிஷின் சுற்றி முடியும்வரை அங்கே அண்ணாச்சியின் பேச்சுதான். தேர்தலுக்கு முந்தின ஒரு ஞாயிறு கேட்டுக்கொண்டிருந்தது நானும் அதே கட்டடத்து ஜெபமணி அக்காவும். எனக்குக் குடியுரிமை கிடைத்து ஐந்து மாதம். தபாலில் வந்த முதல் ஓட்டுச்சீட்டு என் பையில் இருந்தது. தப்பாகப் போட்டால் குடியுரிமையைப் பிடுங்கிவிடுவார்களோ என்று நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லை.

அண்ணாச்சி இங்கே வந்த காலத்தில், ஜனாதிபதி தேர்தல் என்றால் கவுண்டி முழுக்க யானைக் கட்சிதானாம்; யானையும் கழுதையும் இங்கே இரண்டு பெரிய கட்சிகளின் சின்னம். கழுதைக் கட்சிக்கு விழுந்தது அவருடைய ஒரே ஓட்டு. அடுத்த தேர்தலில் வரிசையில் நின்றவர்களுக்கு ஒரு தூக்குவாளி ரசம் கொண்டுபோனாராம். எட்டு லட்சம் பேர் குடித்துவிட்டு உள்ளே போனார்கள். அன்று கழுதைப் பக்கம் சாய்ந்த கவுண்டி இன்றுவரை நிமிரவில்லை.

"எட்டு லட்சம் பேருக்கு ஒரு வாளியா?" என்றாள் அக்கா.

"மிளகு கொஞ்சம் கூடிட்டு. ஆளுக்கு ஒரு சொட்டுக்கு மேல தாங்கல."

பிறகு கொரியாக்காரர், மெக்சிகோக்காரர், எத்தியோப்பியாக்காரர் என்று எல்லோரும் யாருக்குப் போடலாம் என்று அவரிடம் கேட்க வந்தார்களாம். அவர்களுக்காக, லிப்டில் பதினான்காம் மாடி ஏறுவதற்குள் தொண்ணூற்றிரண்டு பாஷை கற்றுக்கொண்டார். எங்கள் கட்டடத்துக்கு நான்கு மாடிதான்.

அதற்குப் பிறகு ஓட்டை எண்ணுவதையே விட்டுவிட்டார்களாம். அண்ணாச்சி பால்கனிக் கொடியில் நீலத் துண்டு காயப்போட்டால் கழுதை, சிவப்புத் துண்டு என்றால் யானை. டிவிக்காரர்கள் ஹெலிகாப்டரில் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். ஒரு தேர்தலில் அண்ணாச்சியின் மனைவி, எங்கள் மதினி, தெரியாமல் சிவப்புத் துண்டை வெள்ளை வேட்டியோடு மிஷினில் போட்டுவிட்டாள். எல்லாம் ரோஸ் கலரில் வந்தது. யார் ஜனாதிபதி என்று தெரியாமல் நாடே ஒரு வாரம் திண்டாடியது.

"கடைசியில எப்படித் தீர்ந்தது?" என்றாள் அக்கா.

"நான் ப்ளீச் போட்டு அலசினேன்."

அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணாச்சி என் பையைப் பார்த்துவிட்டார்.

"சீட்டைக் கொண்டா கனகவல்லி. நீ போட்டா செல்லாத ஓட்டாப் போயிரும். அப்புறம் கவர்மெண்ட் உன்னை சும்மா விடாது. நான் போட்டுத் தாரேன்."

என் கை தானாகப் பைக்குள் போனது. எத்தனை தேர்தல் பார்த்தவர். ஆனாலும் அது என் பெயருக்கு வந்த சீட்டு. என்ன செய்யணும் என்று மட்டும் சொல்லுங்கள், நானே செய்துகொள்கிறேன் என்றேன்.

"என்ன பெரிய வேலை? சின்னத்துக்கு நேரா முத்திரை குத்தணும். மை காஞ்ச பிறகு மடிக்கணும். அப்புறம் விரலைக் காட்டணும், கருப்பு மை வைப்பான்."

நான் சீட்டைப் பிரித்தேன். அதில் யானையும் இல்லை, கழுதையும் இல்லை. பெயர்களும், பக்கத்தில் பேனாவால் நிரப்பச் சின்னச் சின்ன வட்டங்களும்தான் இருந்தன. அண்ணாச்சி அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் மிஷின் நின்றுவிட்டது என்று எழுந்து போனார். அது சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

ஜெபமணி அக்கா போர்வையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "அண்ணாச்சிக்கு இன்னும் கிரீன் கார்டுதாம்ளா, குடியுரிமை வாங்கல. ஓட்டே கிடையாது."

அங்கேயே ட்ரையர் மேல் சீட்டை வைத்து, ஒரு வட்டத்தை நிரப்பினேன். கூடவே வந்த உறைக்குள் வைத்து, உறைமேல் குடியுரிமைப் பத்திரத்தில் போட்டதுபோலவே தமிழில் கையெழுத்துப் போட்டேன். நூலக வாசலில் இருக்கும் ஓட்டுப் பெட்டியில் போட்டுவிட்டு, உள்ளே விழுந்ததா என்று இரண்டு தடவை தட்டிப் பார்த்தேன்.

மறு வாரம் அண்ணாச்சி யாருக்குப் போட்டாய் என்று கேட்டார். மனிதரோடு தினமும் ஒரே லிப்டில் போய்வர வேண்டும். அவர் எந்தப் பெயரையும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும், "நீங்க சொன்ன ஆளுக்குத்தான் அண்ணாச்சி" என்று சொல்லி வைத்தேன்.