சிப்ஸ் பாக்கெட்டும் மொட்டப்பாறை கபடிக் குழுவும்

மொட்டப்பாறை கபடிக் குழுவிடம் எல்லாம் இருந்தது, மூளையைத் தவிர. அதற்காகக் குறை சொல்லக் கூடாது. கபடிக்கு அதுவும் வேண்டும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. கோப்பை ஜெயித்தால் வைப்பதற்குக் கண்ணாடி அலமாரிகூடச் செய்து வைத்திருந்தார்கள். இதுவரை அதில் தூசிதான் குடியிருந்தது.

இந்த வருஷம் சன்னாசியை மலைபோல் நம்பியிருந்தார்கள். பாடிப் போனால் நாலு பேரைத் தொட்டுவிட்டுத்தான் திரும்புவான். பாவம், ஆட்டம் நெருங்கும் நேரம் பார்த்து அவன் வயிறு கடகடவென்று உருள ஆரம்பித்தது. மூச்சைப் பிடித்தால் வயிறும் சேர்ந்து பிடித்துக்கொண்டது. கேப்டன் பூச்சியப்பன் அழாத குறையாக அவனை டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனான். குழு மொத்தமும் பின்னாலேயே போனது.

"என்னப்பா சாப்பிடுற?"

"சிப்ஸு, கலர் சோடா, ஜவ்வு மிட்டாய். மத்தபடி வேற எதுவும் தொடுறதில்லீங்கம்மா."

"வயித்துக்குள்ள நமக்கு நல்லது பண்ற நுண்ணுயிர் ஏகப்பட்டது இருக்கு. கலருக்கும் ருசிக்கும், நாள்பட இருக்கவும் சேர்க்கிறதுல சிலது அதுங்களுக்கு ஆகாது. மோர், பழைய சோறு, கீரைன்னு சாப்பிடு. இனிமே பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு படிக்காம எதையும் தொடாதே."

அன்றைக்கே அமலுக்கு வந்தது. எழுத்துக் கூட்டத் தெரிந்த தொப்ளான் சிப்ஸ் பாக்கெட்டைத் திருப்பிப் படித்தான். மற்றவர்கள் கை கட்டிக் கேட்டார்கள். ஒன்றும் புரியவில்லை, ஆனால் பக்தியாக இருந்தது. படித்து முடித்ததும் சன்னாசி பாக்கெட்டைக் காலி செய்தான். வயிறு முன்னைவிடப் பலமாக உருண்டது.

அடுத்து பழைய சோறு வந்தது. சட்டியின் பின்பக்கத்தைப் பார்க்கத் திருப்பினார்கள். சோறு தரைக்குப் போனது. சட்டிக்குப் பின்னால் கரி மட்டும் இருந்தது.

"எழுத்தே இல்லியேப்பா. இத எப்படித் தொடுறது?" என்றான் பூச்சியப்பன்.

"படிச்ச பாக்கெட்டு சும்மாதான கெடக்கு," என்றான் தொப்ளான். "சோத்த அதுல போட்டுட்டா?"

பூச்சியப்பன் வெகுநேரம் யோசித்தான். "முறைப்படி சரிதான்."

அதே பாக்கெட்டில் தினமும் பழைய சோறும் மோரும் ஊற்றிக் குடித்தான் சன்னாசி. ஆட்டத்துக்கு முதல் நாள் வயிறு கப்சிப் ஆகிவிட்டது. "படிப்புன்னா படிப்புதான்யா" என்று எல்லோரும் அசந்துபோனார்கள்.

ஆட்டம் சமநிலையில் வந்து நின்றது. கடைசிப் பாட்டு சன்னாசியுடையது. ஒருத்தனைத் தொட்டுவிட்டு வந்தால் கோப்பை. "கபடி கபடி" என்று போனவன், எதிரணிக்காரன் ஒருவனை மூலையில் மடக்கிக் கையை நீட்டினான். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. எதிராளியின் முதுகுப் பக்கம் போகப் பார்த்தான். எதிராளியும் கூடவே சுற்றினான்.

சன்னாசி பாட்டை நிறுத்தி, "அண்ணே, செத்த திரும்புங்க. படிச்சிட்டுத் தொட்டுக்கிறேன்" என்றான்.

எதிராளி மரியாதைக்காரன், திரும்பி நின்றான். நடுவர் விசில் ஊதிவிட்டார். பாட்டு நின்றால் ஆள் அவுட்.

ஊர் திரும்பும்போது பூச்சியப்பன் சன்னாசியின் தோளைத் தட்டி, "போனா போவுது விடு. கோப்பை அடுத்த வருஷமும் வரும். வயித்துக்கு ஏதாச்சும் ஆயிருந்தா?" என்றான்.

தொப்ளான் மட்டும் நெடுநேரமாக எதையோ யோசித்தபடியே வந்தான்.

"அவன் திரும்புனப்ப நான் படிச்சிட்டேன்ணே. பனியன் முதுகுல 'ராசு, ஏழு'ன்னு மட்டுந்தான் போட்டிருந்துச்சு. கலரும் சேக்கல, ஒண்ணும் சேக்கல. தாராளமா தொட்டிருக்கலாம்."