முதுகைக் காட்ட மறுத்த முள்ளம்பன்றி

கருங்காலிக் காட்டில் ஒரு மடு இருந்தது. அதன் நடு ஆழத்தில் தாமரைக் கிழங்குகள் கொழுத்துக் கிடந்தன. மடுவுக்கு மேற்கே ஒரு வளையில் கூரன் என்ற முள்ளம்பன்றியும் அவன் மனைவி முள்ளியும் குடியிருந்தார்கள்.

அந்த ஆண்டு மழை பொய்த்தது. தரையில் எங்கே தோண்டினாலும் கிழங்கு இல்லை. முள்ளி இரண்டு குட்டிகளை ஈன்று பத்து நாள்தான் ஆகியிருந்தது. அரை வயிற்றுச் சாப்பாட்டில் அவளுக்குப் பால் வற்றிக்கொண்டே வந்தது.

"இனி மனுஷங்க மரவள்ளித் தோட்டத்துக்குத்தான் போகணும்" என்றான் கூரன்.

"அங்க போன உங்க அண்ணன் திரும்பி வந்தாரா?" என்று கேட்டாள் முள்ளி. "கண்ணி வெச்சிருக்காங்க. மடுவுல கிழங்கு குவிஞ்சு கிடக்கு. தண்ணிக்குள்ள இறங்கப் பழகுங்களேன்!"

மூழ்குவதற்கான சாமான்களை விற்கும் கடைகள் அந்தக் காட்டில் இரண்டு. ஒன்று மடுக்கரையிலேயே இருந்தது. ஆழி என்ற நீர்நாய் அதை நடத்தினாள். சின்னக் கடை. எல்லாச் சாமானும் ஈரமாக இருக்கும். மீன் வாடை அடிக்கும். இன்னொன்று அரைநாள் நடைதூரத்தில், மொட்டைப் பாறை மேல் இருந்தது. அது வண்ணன் என்ற மைனாவின் கடை.

கூரன் முதலில் பக்கத்துக் கடைக்குத்தான் போனான். ஆழி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"திரும்பு. முதுகைக் காட்டு" என்றாள்.

கூரனின் முட்கள் சிலிர்த்து நின்றன! முள்ளம்பன்றிகளிடையே முதுகைக் காட்டினால், 'வா, ஒரு கை பார்க்கலாம்' என்று அர்த்தம். முதுகைக் காட்டச் சொல்வது அதைவிட மோசம். 'உன் முள்ளெல்லாம் எனக்கு ஒரு பொருட்டா?' என்று முகத்துக்கு நேரே கேட்பதற்குச் சமம்.

"சாமான் வாங்க வந்தவனைச் சண்டைக்கா இழுக்கிற?"

"சண்டை போட எனக்கு ஏது நேரம்? முதுகைப் பார்க்காம எதுவும் தர மாட்டேன். பார்த்தாலும் இன்னைக்குத் தர மாட்டேன். மூணு நாள் முழங்கால் தண்ணியில பழகணும்."

"மூணு நாளா! என் குட்டிங்க பசியில கத்துது!"

"அதனாலதான் சொல்றேன். அதுங்களுக்கு அப்பன் வேணும்."

கூரன் பல்லைக் கடித்துக்கொண்டு மொட்டைப் பாறைக்கு நடந்தான்.

"வாங்க அண்ணாச்சி, வாங்க!" என்று வண்ணன் கல் விட்டுக் கல் தாவி வரவேற்றான். "என்ன கம்பீரம்! உங்களுக்குன்னே ஒண்ணு வந்திருக்கு, பாருங்க!"

மீன்தோலில் தைத்துச் சிவப்புச் சாயம் ஏற்றிய காற்றுப்பை அது. முதுகில் கட்டிக்கொண்டு, அதில் செருகிய நாணல் குழாய் வழியாக மூச்சு விட வேண்டும். உடம்பு மிதக்காமல் இருக்க, கொடியில் கற்களைக் கோத்துக் கொடுத்து, இடுப்பில் மூன்று முடிச்சு போட்டுக் கட்டச் சொன்னான் வண்ணன்.

"பழகிப் பார்க்க வேண்டாமா?" என்று கேட்டான் கூரன்.

"நீங்களா? உங்களைப் பார்த்தா பிறந்ததே தண்ணிக்குள்ளதான்னு தோணுது!"

கடையைச் சுற்றி ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அது கூரனின் கண்ணில் பட்டது, மனத்தில் படவில்லை. விலையாகத் தன் உதிர்ந்த முட்களை ஒரு கட்டு கொடுத்துவிட்டு, பையையும் கற்களையும் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

மறுநாள் காலையில், ஆழியின் கடைக்கு எதிர்க்கரையில் அவன் இறங்கினான். முட்களைப் படிய வைத்துக்கொண்டு கல்லின் கனத்தில் நேராக அடிக்குப் போய்ச் சேர்ந்தான். காற்று வந்தது! கிழங்கும் கைக்கு எட்டியது! 'மூணு நாள் பழகணுமாம்!' என்று மனத்துக்குள் சிரித்துக்கொண்டான்.

அப்போது ஒரு பெரிய விரால் மீன் அவன் விலாவை உரசிக்கொண்டு போனது. கூரன் திடுக்கிட்டான். திடுக்கிட்டால் முள்ளம்பன்றிக்கு என்ன ஆகும்? முட்கள் எல்லாம் ஒரே நேரத்தில் விறைத்து எழுந்தன. முதுகில் இருந்த பை சல்லடையாகிவிட்டது!

குழாயில் காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்தது. மேலே போகலாம் என்றால் கற்கள் விடவில்லை. முடிச்சை இழுத்தான், இன்னும் இறுகியது. குட்டிகளின் முகம் நினைவுக்கு வந்தது. கண் இருண்டது.

இடுப்பில் எதுவோ நறுக்கென்று கடித்தது. கொடி அறுந்து கற்கள் விழுந்தன. கூரன் நெட்டித் துண்டு போல மேலே வந்து மிதந்தான். பக்கத்தில் ஆழி, வாயில் கொடித் துண்டோடு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

கரையில் கிடந்து தண்ணீரைக் கக்கி முடித்த பிறகு அவன் கேட்டான்: "நான் சாகப் போறது உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"மூச்சு விட்டா குமிழி விட்டுவிட்டு வரும். பை கிழிஞ்சா நிக்காம வரும். நிக்காம வந்துச்சு" என்றாள் ஆழி. உடனே கடைக்கு நீந்திப் போய்விட்டாள்.

கூரனுக்குக் கோபம் ஆறவில்லை. கிழிந்த பையோடு மொட்டைப் பாறைக்கு ஏறினான்.

"அண்ணாச்சி, பை வித்தது நான்தான். முதுகையும் நானா வித்தேன்?" என்றான் வண்ணன்.

"தைச்சாவது கொடு!"

"தைக்கிற வேலையெல்லாம் இங்க கிடையாதே. புதுசு தரட்டுமா? நீலத்துல வந்திருக்கு!"

கூரன் பையை அங்கேயே போட்டுவிட்டு இறங்கினான். இறங்குகிற வழியெல்லாம் யோசித்தான். மறுநாள் காலை வெயிலில் ஆழியின் கடை வாசலில் வந்து நின்றான். திரும்பி முதுகைக் காட்டினான்.

ஆழி ஒவ்வொரு முள்ளாகப் பார்த்தாள். "முள்ளுக்குள்ள காத்து இருக்கு. அதனால நீ ரொம்ப மிதப்ப, கல்லு வேணும். ஆனா ஒரே இழுப்புல அவிழ்ற முடிச்சா இருக்கணும். முதுகுல பை ஆகாது. வயித்துப் பக்கம் காத்தடைச்ச சுரைக்குடுக்கை கட்டித் தரேன்."

"இதையெல்லாம் பார்க்கத்தான் அன்னைக்குத் திரும்பச் சொன்னியா அக்கா?"

"பின்ன, உன் அழகைப் பார்க்கவா?"

அன்றே பழக்கம் தொடங்கியது. முதல் பாடம் இறங்குவது அல்ல, மேலே வருவது. "கீழே போக எல்லாருக்கும் வரும்" என்பாள் ஆழி. முடிச்சை அவிழ்க்கச் சொல்வாள். மறுபடி கட்டச் சொல்வாள். அவன் அசந்திருக்கும்போது பின்னாலிருந்து வாலால் தண்ணீரில் அறைவாள். முட்கள் எழும். அப்போதும் அவன் மூச்சு சீராக இருக்கிறதா என்று குமிழியைப் பார்ப்பாள். பொழுது சாய்ந்ததும் குடுக்கையை நீரில் அமுக்கி, கசிவு தெரிந்த இடத்தில் தேன்மெழுகு பூசுவாள். அந்த மூன்று நாளும் முள்ளிக்கு அவளே கிழங்கு எடுத்துக் கொடுத்தாள். "நாலாவது நாள் கேட்டா கடிப்பேன்" என்றும் சொல்லிவைத்தாள்.

நான்காம் நாள் கூரன் நடு மடுவில் இறங்கினான். விரால் வந்து உரசியது. முட்கள் எழுந்தன, குடுக்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு கை கொள்ளாத கிழங்கோடு அவன் மேலே வந்தான்.

வளையில் முள்ளி வயிறாரச் சாப்பிட்டாள். குட்டிகள் முட்டி முட்டிப் பால் குடித்துவிட்டு அப்படியே தூங்கிப்போயின. முள்ளி வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நாளைக்கு நீங்க பிள்ளைங்களைப் பார்த்துக்குங்க. நான் ஆழிகிட்ட பழகப் போறேன்!"

சாமானைப் புகழ்ந்து விற்கும் தூரத்துக் கடையைவிட, நம்மைப் பார்த்து, பழக்கி, பிறகு சாமானைக் கையில் கொடுக்கும் பக்கத்துக் கடையே உயிருக்குத் துணை.